மரம் வைத்தவர் ஒருவர். நீர் வார்ப்பவர் வேறொருவர்

“மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான்” என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த ஆறுதல் மொழி. இடர் வந்தவிடத்து இறைவன் கைவிடான் என்னும் பொருளிலே அதனை நாம் வழங்குகின்றோம். ஆனால் அம்மொழியை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, பெருநகர் ஒன்றின் வீதியிலே நிறுத்திப் பார்ப்போமாயின் விந்தையான கேள்வியொன்று எழும். வீதி நடுவே நிற்கும் மரத்தை வைத்தவர் யார்? அதற்குத் தண்ணீர் வார்ப்பவர் யார்?

வீட்டு முற்றத்துத் தென்னைக்கு இருவரும் ஒருவரே. வீதி மரத்துக்கோ வைத்தவர் ஒருவர், வார்ப்பவர் வேறொருவர், வார்ப்பவருக்குக் கூலி கொடுப்பவர் மூன்றாமவர், நிழலை அனுபவிப்பவர் நான்காமவர். இந்நால்வரும் ஒருவரையொருவர் முகம் பார்த்தறியார். ஆயினும் மரம் வாழவேண்டுமாயின் இவர்களுக்கிடையே ஓர் உடன்படிக்கை இருந்தே ஆகவேண்டும். அந்த உடன்படிக்கை எவ்வாறு எழுதப்படுகின்றது, எவ்விடத்திலே அது பிசகுகின்றது என்பதை அறிதல், வீதியால் நடக்கும் யாவருக்கும் பயன் தருவதாகும். மரங்களாற் புகழ்பெற்ற சிங்கப்பூர் நகரத்தை உதாரணமாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

நடுத்திட்டு என்பது யாது?

அகன்ற வீதிகளிலே போகும் வாகனங்களையும் வரும் வாகனங்களையும் பிரித்து நிற்கும் ஒடுங்கிய திடலையே நடுத்திட்டு என்கின்றோம். வாகனங்கள் ஒன்றோடொன்று நேருக்குநேர் மோதாது காப்பதே அதன் முதற் கடமை. அதிலே செடிகளை வளர்ப்பதனால் வேறு பல நன்மைகளும் உண்டு. இடுப்பளவு உயர்ந்து அடர்ந்து நிற்கும் பற்றைச் செடிகள், இரவு வேளையில் எதிரே வரும் மோட்டார் வாகனங்களின் விளக்கொளி சாரதியின் கண்ணைக் கூசச் செய்யாது மறைக்கின்றன. மரநிழல் தார் வீதியின் கொதிப்பைத் தணிக்கின்றது. மழைநீரில் ஒரு பகுதியை மண் உறிஞ்சிக் கொள்ளுகின்றது.

ஆனால் செடியின் பக்கம் நின்று பார்த்தால், நடுத்திட்டைப் போற் கொடிய இடம் வேறில்லை. வீதி அமைக்குங்கால் எஞ்சிய கல்லும் சல்லியும் அடியிலே கிடக்க, மேலே சொற்ப மண்ணே இடப்பட்டிருக்கும். இருபுறமும் தார் தகிக்கும். புகை ஓயாது படியும். வேர் ஓடுவதற்கு அகலமில்லை, ஆழமும் போதாது. காட்டிலே உதிர்ந்த இலை மண்ணிலே மக்கி மறுபடி உணவாகின்றது. இங்கோ விழுந்த இலையை அன்றே கூட்டி அள்ளிக்கொண்டு போகின்றார்கள். ஆகவே நடுத்திட்டுச் செடி, தொட்டிலிலே கிடக்கும் குழந்தையைப் போன்றது. பிறர் ஊட்டினால் உண்ணும், ஊட்டாவிடின் வாடும். நடுதல் ஒரு நாட் காரியம். பேணுதலோ நாள்தோறும் செய்யும் காரியம்.

ஒரு சுற்றுவட்டத்திலே தொடங்கிய கதை

1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆந் திகதி, சிங்கப்பூரின் பிரதமராயிருந்த லீ குவான் யூ அவர்கள், பாரர் சுற்றுவட்டத்திலே ‘மெம்பாட்’ என்னும் இளஞ்சிவப்பு மலர் பூக்கும் மரக்கன்று ஒன்றை நட்டு, மரநடுகை இயக்கத்தைத் தொடக்கிவைத்தார். அவ்விடமும் வாகனங்கள் சுற்றிச் செல்லும் வீதித் திட்டே என்பதைக் கவனிக்க. 1967ஆம் ஆண்டு மே மாதத்தில், சிங்கப்பூரைப் ‘பூங்கா நகர்’ ஆக்கும் திட்டம் வெளியிடப்பட்டது. 1971இல் மரநடுகை நாள் தொடங்கிற்று. 1975இல் பூங்காக்களுக்கும் மரங்களுக்குமெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1990இலே தேசிய பூங்காக் கழகம் தோன்றி, 1996இல் பழைய பூங்காத் திணைக்களத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. இன்று வீதி மரங்கள் யாவும் அக்கழகத்தின் பொறுப்பிலேயே உள.

இத்தனை முயற்சி எதற்காக? 2000ஆம் ஆண்டில் வெளியான தம் நினைவு நூலிலே லீ அவர்கள் இதற்கு விடை கூறுகின்றார். முதலீடு செய்ய எண்ணி வரும் வெளிநாட்டு வணிகத் தலைவர்கள், விமான நிலையத்திலிருந்து தம் அலுவலகம் வருமளவும் வீதியின் இருமருங்கையும் பார்த்துக்கொண்டே வருவர். அங்குள்ள செடிகளும் மரங்களும் செவ்வையாயிருப்பின், இந்நாட்டு மக்கள் திறமையும் ஒழுங்கும் உடையோர் என்பதை ஒருவர் வாய் திறந்து சொல்லாமலே அவர்கள் அறிந்துகொள்வர் என்பது அவர் கருத்து. நடப்பட்ட மரம் ஒருவருடைய ஆர்வத்தைக் காட்டும். பேணப்பட்ட மரமோ ஒரு சமுதாயத்தின் ஒழுங்கைக் காட்டும் என்பது இதன் சாரம்.

ஆயினும் தொடக்கத்திலே நடந்தவை வேறு. மக்கள் புற்றரையை மிதித்துச் சென்றனர், பூம்பாத்திகளைச் சிதைத்தனர், இளமரங்களிலே சைக்கிள்களைச் சாத்தி முறித்தனர். வறியவர் மாத்திரமா இவ்வாறு செய்தனர்? வீதி நடுத்திட்டிலே புதிதாக நடப்பட்ட விலைமதிப்புள்ள நோர்போக் தீவுப் பைன் மரக்கன்றொன்றைத் தம் வீட்டுத் தோட்டத்துக்கென ஒரு வைத்தியரே பெயர்த்தெடுக்கும்போது பிடிபட்டார் என அந்நூல் கூறுகின்றது! இதற்கு மருந்தாக அரசாங்கம் நாடியது பாடசாலைப் பிள்ளைகளை. அவர்கள் தம் கையாற் கன்று நட்டு, நீர் வார்த்து வளர்த்தனர். அந்தப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று பெற்றோருக்குக் கற்பித்தனர்.

இன்னொரு செய்தி இலங்கையருக்குச் சுவை பயப்பது. எவ்வளவு முயன்றும் சிங்கப்பூரின் புல் பசுமை பெறவில்லை. 1950ஆம் ஆண்டிலே நமது தலைநகரிற் கூடிய மாநாட்டிற் கருக்கொண்ட கொழும்புத் திட்டத்தின்கீழ், நியூசிலாந்திலிருந்து மண்ணியல் நிபுணர் ஒருவர் அங்கு அழைக்கப்பட்டார். ஆண்டு முழுதும் பெய்யும் கடுமழை மண்ணின் சத்தைக் கரைத்துக்கொண்டு போகின்றது. மண்ணும் புளிப்புத் தன்மை மிகுந்தது. ஆகவே சுண்ணாம்பும் கூட்டெருவும் இடையறாது இடவேண்டும் என்று அவர் காட்டினார். அவ்வாறே செய்ய, புல் பசுமையாயிற்று. பசுமை நகரம் இயற்கையின் கொடை என்று எண்ணுவோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். அங்கே ஒவ்வோர் அடிப் பசுமையும் மனிதர் விடாது இட்ட உணவினால் உண்டானது.

மேம்பாலங்களின் கீழே செடிகள் வெளிறி மடிந்தபொழுது, இரு பாதைகளுக்கும் இடையே வெயிலும் மழையும் இறங்குமாறு இடைவெளி விட்டுப் பாலங்களைக் கட்டலாயினர். நடுத்திட்டுச் செடிக்காகப் பாலத்தையே பிளந்தனர் என்றால் அவர்தம் ஊக்கத்தை என்னென்பது!

ஒப்பந்தம் எழுதும் முறை

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சிங்கப்பூர் மாநகர சபையின் நாட்கூலித் தொழிலாளருள் தமிழர் மிகப் பலர். வீதி கூட்டியோரும், வாய்க்கால் வெட்டியோரும், புல் செதுக்கியோரும் அவர்களே. காலப்போக்கிலே அரசாங்கம் தன் ஆட்களைக் கொண்டு செய்த பராமரிப்பு வேலைகளைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்பந்த முறையில் ஒப்படைக்கலாயிற்று. இன்று புல் வெட்டுதல், செடி கத்தரித்தல், களை பிடுங்குதல், எரு இடுதல், பட்ட செடியை மாற்றி நடுதல் முதலிய அன்றாட வேலைகளைப் பெரும்பாலும் ஒப்பந்தகாரரே செய்கின்றனர். கழகத்தின் உத்தியோகத்தர் மேற்பார்வை செய்கின்றனர்.

இதற்கு நியாயங்கள் இல்லாமலில்லை. வேலை மிகும் காலத்துக்கு ஆட்களையும் யந்திரங்களையும் நகரமே வைத்துப் பேணவேண்டியதில்லை. பல கம்பனிகள் போட்டியிட, விலை குறையும். வேலை செய்யாதவனுக்குப் பணங் கொடாது நிறுத்தலாம்.

வேலை கொடுக்கும் முறை இதுதான். எந்த வீதி, எத்தனை சதுர மீற்றர் புல், எத்தனை மரம் என்பவற்றை அளந்து கேள்விப்பத்திரம் வெளியிடுவர். கம்பனிகள் தத்தம் விலையைக் குறித்து அனுப்பும். தகுதியும் விலையும் பார்த்து ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு வேலை வழங்கப்படும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையில், ‘வேலை’ என்பதை எப்படி எழுதுவது என்னும் இடத்திலேதான் சிக்கல் தொடங்குகின்றது.

“மாதம் இருமுறை புல் வெட்டுக” என்று எழுதலாம். எண்ணிப் பார்க்க இலகு. ஆனால் மழை பெய்யும் மாதத்தில் இருமுறை போதாது. வறட்சி மாதத்தில் ஒருமுறையே அதிகம். கணக்குக்காகக் காய்ந்த புல்லையும் சுரண்டிச் செல்வர். “புல் இன்ன உயரத்துக்கு மேல் வளரலாகாது” என்று பயனை வைத்தும் எழுதலாம். அது அறிவுக்குப் பொருத்தமானதே. ஆயின், ஒவ்வொரு திட்டையும் நடந்து பார்த்து அளக்க உத்தியோகத்தர் வேண்டும். மேற்பார்வை செய்வோரையும் செலவுக் குறைப்பென்று நீக்கிவிட்டால், ஒப்பந்தம் வெறுங் காகிதமாகிவிடும்.

எழுத்தில் அடங்காதவை

இங்கே ஒரு சிறு விடயத்தைக் கூறுதல் தகும். வீதியோரங்களிலே இளமரம் காரணமின்றிப் பட்டுப் போவதைப் பலரும் கண்டிருப்பர். பூச்சியுமில்லை, நோயுமில்லை, தண்ணீரும் விட்டாயிற்று. குனிந்து அடித்தண்டைப் பார்த்தால் உண்மை தெரியும். புல் வெட்டும் யந்திரத்தின் சுழலும் நைலோன் கயிறு, மரத்தின் அடியை ஒட்டிய புல்லை வெட்டும்போது பட்டையையும் சீவிவிடுகின்றது. ஒரு முறை பட்டால் தழும்பாகும். மாதந்தோறும் பட்டால் பட்டை சுற்றிவர அறுந்து போகும். இலையிலே ஆகும் உணவு பட்டையின் வழியாகவே வேருக்கு இறங்குவதனால், வேர் பட்டினி கிடந்து மடிகின்றது. வேர் மடிய, மரமும் மடிகின்றது.

புல் வெட்டியவர் தம் கடமையைச் செய்தார், புல் ஒழுங்காக வெட்டப்பட்டுள்ளது, உத்தியோகத்தரும் கையொப்பமிட்டார். மரம் மாத்திரம் செத்தது. மரத்துக்குரிய ஒப்பந்தம் வேறொருவருடையதாயின், குற்றம் யார் மேலது? அடிமரத்தைச் சுற்றி ஓரிரு அடி அகலத்துக்குப் புல்லை நீக்கி மரத்தூளோ சருகோ பரப்பிவிட்டால் யந்திரம் அங்கு போகவேண்டிய தேவையே இராது. ஆனால் அதைச் செய்யவேண்டுமென்று முதலில் ஒருவருக்குத் தோன்றவேண்டும். பின்னர் அதனை ஒப்பந்தத்திலே எழுதவும் வேண்டும்.

காலக்கணக்கும் இன்னொரு முரண்பாடு. சிங்கப்பூர் வீதிகளுக்குக் குடை பிடித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம், அமெரிக்காக் கண்டத்திலிருந்து 1876இல் அங்கு கொண்டுவரப்பட்டது. கொழும்பிலும் கண்டியிலும் ‘மாரா’ என்று சொல்லப்படுவதும் அதுவே. மாலையிலும் மழைக்கு முன்னும் இலைகளை மடித்துக்கொள்வதனால் நம்மவர் அதற்கு இப்பெயரிட்டனர். அம்மரம் தலைமுறை தலைமுறையாக நிற்பது. ஒப்பந்தமோ சில ஆண்டுகளில் முடிவது. இன்று கிளையைத் தவறான இடத்தில் வெட்டினால், அவ்வெட்டு வாயால் அழுகல் புகுந்து, பத்து இருபது ஆண்டுகளின் பின் கிளை முறிந்து விழும். வெட்டியவர் அப்பொழுது எங்கிருப்பாரோ! ஆகவே மரத்தின் ஆயுளை அறிந்தவர் ஒருவர், ஒப்பந்தங்கள் மாறினும் தாம் மாறாது நிற்றல் வேண்டும்.

இதனை உணர்ந்தே சிங்கப்பூரார் மரங்களுக்குக் கணக்கு வைத்துள்ளனர். பயிற்சி பெற்ற மரவியலாளர் குறித்த கால இடைவெளியில் அவற்றைப் பரிசோதிக்கின்றனர். 2018ஆம் ஆண்டிலே 5 இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்களின் இடத்தையும் இனத்தையும் எவரும் பார்க்கக்கூடிய மரப்படம் ஒன்றைக் கழகம் வெளியிட்டது. ஒப்பந்தகாரர் மாறலாம், மரத்தின் சாதகக் குறிப்பு மாறாது.

இங்கிலாந்து கற்ற பாடம்

மேற்பார்வை தளர்ந்து, விலையொன்றே அளவுகோலானால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் சான்று. 1988ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், குப்பை அகற்றல், கட்டடத் துப்புரவு, திடல்கள் பூங்காக்களின் பராமரிப்பு முதலிய வேலைகளைக் கட்டாயமாகப் போட்டிக்கு விடவேண்டுமென விதித்தது. நகரசபைகள் தம் சொந்த ஊழியரைக் கொண்டு செய்வதாயினும், அவ்வூழியரும் தனியாரோடு விலைப் போட்டியில் வென்றாகவேண்டும்.

செலவு குறைந்தது உண்மையே. ஆனால் ஒரு பூங்காவிலேயே பல்லாண்டு வேலை செய்து, ஒவ்வொரு பாத்தியின் குணத்தையும் அறிந்திருந்த தோட்டக்காரர் மறைந்தனர். அவரிடத்தில், வாகனத்திலே வந்து வெட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு விரையும் குழுக்கள் தோன்றின. தொழில் பழகும் இளைஞர் தொகை குறைந்தது. வரவு செலவுத் திட்டங்களிலே பூங்காக்களுக்குரிய பங்கு சுருங்கியதும் இதனோடு சேர்ந்துகொண்டது. 1999ஆம் ஆண்டிலே பாராளுமன்றக் குழுவொன்று நாட்டின் பூங்காக்கள் சீர்கெட்டிருப்பதைக் கண்டு அறிக்கையிட்டது. அதே ஆண்டிற் பிறந்த புதிய சட்டம் கட்டாயப் போட்டியை நீக்கி, விலையோடு தரத்தையும் நோக்கும் முறையைக் கொண்டுவந்தது.

ஒப்பந்த முறையே தீது என்பது இதன் கருத்தன்று. எதனை அளக்கின்றோமோ அதுவே நமக்குக் கிடைக்கும். விலையை மாத்திரம் அளந்தால் மலிவு மாத்திரமே கிடைக்கும் என்பதே கருத்து.

வெயிலில் நிற்பவர்

இத்தனை கணக்குகளுக்கும் அடியிலே ஒரு மனிதர் நிற்கின்றார். முகத்தை மறைக்கும் காப்பு அணிந்து, நீண்ட கைச்சட்டையும் கனத்த சப்பாத்தும் தரித்து, இரையும் யந்திரத்தைத் தோளிலே மாட்டிக்கொண்டு, இருபுறமும் வாகனங்கள் பறக்க, நடுத்திட்டிலே வேலை செய்யும் தொழிலாளி அவர். அவருக்கும் வேகமாக வரும் லொறிக்கும் இடையே நிற்பவை சில கூம்புகளும் ஓர் எச்சரிக்கைப் பலகையுமே. முற்காலத்து மாநகரத் தொழிலாளரைப் போலவே இன்றும் இவ்வேலையிலே தமிழ்நாட்டிலிருந்து சென்றோரைக் காணலாம், வங்காளதேசத்தவரும் உளர்.

விலைப்போட்டி மிகும்பொழுது ஒப்பந்தகாரர் எதைக் குறைப்பார்? எண்ணெய் விலையைக் குறைக்க முடியாது; யந்திர விலையையும் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது கூலி ஒன்றே. இவ்வாபத்தை அறிந்த சிங்கப்பூர் அரசாங்கம், தொழிலாளர் பயிற்சி பெறப்பெறப் படிப்படியாக உயரும் சம்பள ஏணியொன்றைத் துப்புரவு, காவல், நிலவனப்புப் பராமரிப்பு ஆகிய துறைகளிலே முதலில் ஏற்படுத்திற்று. நிலவனப்புத் துறையில் அது 2016இல் நடைமுறைக்கு வந்தது. பாராட்டத்தக்க ஏற்பாடே. ஆனால் அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. கடல் கடந்து வந்து அதே வெயிலில் அதே யந்திரத்தைச் சுமப்பவர் அவ்வேணியில் ஏற முடியாது.

வேலைத்தலங்களுக்குத் தொழிலாளரை லொறியின் பின்புறத்தில் ஏற்றிச் செல்லும் வழக்கத்தை நிறுத்தவேண்டுமென்னும் கோரிக்கையும் அங்கு பல்லாண்டுகளாக எழுந்துவருகின்றது. 2023இலும் அது வலுவாக எழுந்தது. பஸ் வண்டிகளும் சாரதிகளும் போதாமை, சிறு கம்பனிகளின் செலவு ஆகியவற்றைக் காட்டி, உடனடித் தடை இயலாதென அரசாங்கம் விடையிறுத்தது. மரத்துக்கு நிழல் தேடிப் பாலத்தைப் பிளந்த நகரம், மரத்தைப் பேணுபவருக்கு ஓர் இருக்கை தேடுவதிலே இன்னும் தயங்கி நிற்கின்றது என்பது சிந்தனைக்குரியது.

நாம் கருதவேண்டியது

நம் நாட்டிலும் நகரங்கள் வளருகின்றன, வீதிகள் அகலுகின்றன. விழாநாளில் பிரமுகர் ஒருவர் மரக்கன்று நடும் படம் பத்திரிகைகளிலே வெளிவருகின்றது. ஆறு மாதங்களின் பின் அக்கன்றைப் படம்பிடிப்பார் இல்லை. பேணுதலை எவரிடம் ஒப்படைப்பினும், சபையார் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் சில உண்டு. செய்யவேண்டிய வேலை தெளிவாக எழுதப்பட்டுள்ளதா? எழுதியதை நடந்துசென்று பார்ப்பவர் உண்டா? மரத்தின் கதையை நினைவில் வைத்திருப்பவர் உண்டா? கேட்ட விலைக்குள்ளே தொழிலாளிக்கு நியாயமான கூலி அடங்குமா? இந்நான்கில் ஒன்று இல்லையாயினும், மலிவென்று நினைத்த ஒப்பந்தம் பின்னர் மரத்தின் உயிராலோ மனிதரின் உடலாலோ ஈடு செய்யப்படும்.

ஏனையோர்க்கும் பங்குண்டு. ஒப்பந்தத்தினால் உழைப்பை வாங்கலாம். கண்ணை வாங்க முடியாது. ஆயிரக்கணக்கான மரங்களை ஓர் உத்தியோகத்தர் நாள்தோறும் பார்ப்பது இயலாத காரியம். ஆனால் ஒவ்வொரு மரத்தின் அருகாலும் நாள்தோறும் பாடசாலைக்குப் போகும் பிள்ளை ஒருவர் இருப்பார். அடித்தண்டிலே காயம் கண்டால், கிளையிலே வெடிப்புக் கண்டால், சபைக்கு நாலு வரி எழுதி அறிவிக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு வீதி மரங்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தல் நன்று. பெயர் தெரிந்த மரத்தை எவரும் எளிதில் முறியார்.

வெயில் வேளையில் வீதியிலே புல் வெட்டி நிற்பவரைக் காணுங்கால் சாரதிகள் வேகத்தைச் சற்றுக் குறைப்பாராக. பாதசாரிகள் ஒரு புன்னகையேனும் செய்து செல்வாராக. மரம் வைத்தவர் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கும். நீர் வார்த்தவர் பெயரோ எங்கும் எழுதப்படுவதில்லை. நிழலில் நடப்பவர் நெஞ்சிலேனும் அவருக்கு ஓர் இடம் இருக்கட்டும்.